பெயர் கேளாத முகவரி: மோட்டார் வண்டிகளிடையே ரேடியோச் செய்தி

பெங்களூருவின் கன்டோன்மென்ட் பகுதியில், புலிகேசி நகருக்கும் காக்ஸ் டவுனுக்கும் அண்மையில், ரிச்சர்ட்ஸ் டவுன் என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. அங்கே ஒரு பூங்கா. அதைச் சூழ்ந்த தெருக்கள். தெருக்களின் இருமருங்கிலும் நிழல் மரங்களும் மதிற்சுவர் கொண்ட வீடுகளும். காலையில் உலாவச் செல்பவருக்கு அம்மதிலும் மரமும் இன்பம் தருவன. வண்டி ஓட்டுபவருக்கோ அவையே இடையூறு. தெரு மூலையை அடையும் வரை, குறுக்குத் தெருவில் வரும் வண்டி அவருடைய கண்ணுக்குத் தென்படுவதில்லை.

அத்தகைய ஒரு மூலையை உதாரணமாகக் கொள்வோம். இரண்டு மோட்டார் வண்டிகள் இரு தெருக்களிலிருந்தும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூலையை நோக்கி வருகின்றன. ஒவ்வொன்றும் மூலையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் உள்ளபோது ஒன்றன் ரேடியோ மற்றதற்குக் கேட்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 11 மீட்டர் செல்லும் வண்டி மூலையை அடைய 2.7 விநாடி ஆகும். ஓட்டுநர் எச்சரிக்கையை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. அதற்குள் 11 மீட்டர் கழிந்துவிடுகிறது. பின்னர் வண்டி நிற்பதற்குச் சுமார் 12 மீட்டர் வேண்டும். ஆகவே எஞ்சுவது 7 மீட்டர், அதாவது அரை விநாடிக்குச் சற்று மேற்பட்ட காலம். ரேடியோச் சாதனங்கள் இரண்டும் ஒன்றையொன்று அறிந்து, செய்தியை அனுப்பி, பெற்று, நம்பத்தக்கதா என்று சோதித்து, ஓட்டுநருக்கு ஒலி எழுப்புவது யாவும் அந்த அரை விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அரை விநாடியைப் பற்றிக் கணக்குப் பார்ப்பது வீண் வேலையன்று என்பதை இவ்வெண் உணர்த்தும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்று ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இத்தகைய ரேடியோ இல்லை. எனினும் அதற்கான விதிகள் உலகில் வகுக்கப்பட்டுவிட்டன. அவ்விதிகளில், முகவரி என்னும் மிகச் சாதாரணமான விஷயம் எவ்வாறு தலைகீழாக மாற்றப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வீட்டுக்குள் ஒரு ரேடியோ

முதலில், நாம் நன்கறிந்த வைஃபை முறையைக் காண்போம். வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்று உபயோகத்திலுள்ள இம்முறை, ஐ.இ.இ.இ. என்னும் எஞ்சினியர் கழகத்தின் 802.11 எனும் எண்ணுடைய விதித்தொகுப்பைத் தழுவியது. இதில் செய்தி சிறுசிறு துண்டுகளாக அனுப்பப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஃபிரேம் என்று பெயர். தபால் உறையின் மேல் விலாசம் எழுதப்படுவது போல, ஃபிரேமின் தலைப்பகுதியில் முகவரிகள் எழுதப்படுகின்றன. ஆனால் உறையின் மேல் இரண்டு விலாசம் போதும். இங்கே பொதுவாக மூன்று வேண்டும். முதலாவது பெறுநர், இரண்டாவது அனுப்புநர், மூன்றாவது, இச்செய்தி எந்த ரேடியோக் குழுவைச் சேர்ந்தது என்று காட்டும் குழு அடையாளம்.

ஒவ்வொரு முகவரியும் 48 பிட் நீளமுடையது. 48 பிட்டுகளால் ஏறத்தாழ 281 லட்சம் கோடி வெவ்வேறு முகவரிகளை எழுத முடியும். முன் பாதியான 24 பிட்டுகளை, சாதனம் செய்யும் கம்பெனிக்கு ஐ.இ.இ.இ. ஒதுக்கித் தருகிறது, பின் பாதியைக் கம்பெனியே வரிசையாக இட்டுக்கொள்கிறது. அந்த ஓர் ஒதுக்கீட்டைக் கொண்டு 1,67,77,216 சாதனங்களுக்குப் பெயர் சூட்டலாம். முதல் எட்டு பிட்டுகளில் இரண்டு மட்டும் விசேஷமானவை. அவற்றுள் ஒன்று, இம்முகவரி தனி ஒருவருக்கு உரியதா, பலருக்குப் பொதுவானதா என்று சொல்லும். மற்றொன்று, இது கம்பெனி இட்ட நிலையான எண்ணா, சாதனமே தானாக வைத்துக்கொண்ட எண்ணா என்று சொல்லும். இவ்விரண்டாவது பிட் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற ஒரு தெருவில் பத்து வீடுகளின் வைஃபை அலைகள் ஒன்றோடொன்று கலந்தே உலவுகின்றன. மதிற்சுவர் மனிதரை நிறுத்துமேயன்றி அலையை முழுதும் நிறுத்தாது. எனவே அண்டை வீட்டு ஃபிரேம்கள் நம் வீட்டுக் கருவியின் ஏரியலிலும் வந்து விழுகின்றன. கருவி அவற்றை எவ்வாறு ஒதுக்குகிறது? முதலில், ஃபிரேமின் கடைசியிலுள்ள 32 பிட் சோதனை எண்ணைக் கணக்கிட்டு, வழியில் பிழை நேர்ந்துள்ளதா என்று பார்க்கிறது. பிழையிருப்பின் எறிந்துவிடும். அடுத்து, பெறுநர் முகவரி தன்னுடையதா என்று பார்க்கும். பெறுநர் முகவரி பொது முகவரியாக இருந்தால் மட்டும் ஒரு சிக்கல் எழுகிறது. "இன்ன எண்ணுக்குரிய கருவி எது?" என்று அண்டை வீட்டுக் கம்ப்யூட்டர் தன் வீட்டார் அனைவரையும் நோக்கிக் கேட்கும் கேள்வியும் பொது முகவரியுடனேயே வரும். அது நமக்குரியதன்று. எனவே அப்போது மூன்றாவது முகவரியாகிய குழு அடையாளத்தைப் பார்த்து, அது தன் குழுவினுடையதாக இல்லையெனில் கருவி ஃபிரேமை ஒதுக்கிவிடும். இதுவே ஃபிரேம் வடிகட்டல் எனப்படுவது.

இம்முறை வீட்டுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் ஒரு குழுவில் சேர்வதற்குக் காலம் தேவைப்படுகிறது. தான் இருப்பதை அறிவிக்கும் அடையாள ஃபிரேமை வைஃபை நிலையம் சாதாரணமாக ஒரு விநாடிக்குப் பத்து முறை அளவில் அனுப்புகிறது. புதிதாக வரும் கருவி ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடி அதைக் கேட்க வேண்டும். தன்னை ஒப்புவிக்க வேண்டும். சேர்த்துக்கொள்ளுமாறு கோர வேண்டும். ரகசியச் சாவிக்காக நான்கு செய்திகள் பரிமாற வேண்டும். கடைசியாக இணைய முகவரி ஒன்று பெற வேண்டும். கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டு மூன்று விநாடி ஒரு பொருட்டன்று. நம் தெரு மூலையிலோ, அறிமுகம் முடியுமுன் மோதல் முடிந்துவிடும்.

குழுவே இல்லாத குழு

1999 அக்டோபரில் அமெரிக்க மத்தியத் தொடர்புக் கமிஷன், 5,850 முதல் 5,925 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் சாலைப் போக்குவரத்து ரேடியோவுக்கென ஒதுக்கியது. அதன்பின் பல ஆண்டு விவாதங்களுக்குப் பிறகு, 2010-இல் 802.11-பி என்னும் திருத்தம் வெளியாயிற்று. 2012-இல் அது மூல விதித்தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டது. அத்திருத்தம் செய்த காரியங்கள் பல. அலைவரிசையின் அகலத்தை 20-லிருந்து 10 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து, ஒவ்வொரு குறியீட்டின் நீளத்தையும் இரட்டிப்பாக்கியது அவற்றுள் ஒன்று. சுவர்களிலும் லாரிகளின் பக்கங்களிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அலைகள் அடுத்த குறியீட்டைக் கெடுக்காமலிருக்க விடப்படும் இடைவெளி இதனால் 0.8 மைக்ரோ விநாடியிலிருந்து 1.6 மைக்ரோ விநாடியாக வளர்ந்தது. அதாவது நேர் வழியைவிட 480 மீட்டர் சுற்றி வரும் எதிரொலியையும் கருவி தாங்கும்.

நம் பொருளுக்கு முக்கியமான மாறுதல் வேறு. குழுவில் சேரும் சடங்கையே அது அகற்றிவிட்டது. "அடிப்படைக் குழுவின் சூழலுக்கு வெளியே" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இம்முறை ஓ.சி.பி. என்று வழங்கப்படுகிறது. ஒரு முறைக்கு, அதில் இல்லாத ஒன்றைக் கொண்டு பெயரிடுவது விந்தையே; 'ஊரில் சேராதவன்' என்று ஒருவனுக்குப் பெயர் வைப்பது போன்றது. எனினும் பெயர் உண்மையைச் சொல்கிறது. இதில் நிலையம் இல்லை, தேடல் இல்லை, ஒப்புவித்தல் இல்லை, சேர்க்கை இல்லை. வண்டியின் எஞ்சின் முடுக்கப்பட்டவுடன் கருவி பேசலாம்.

அப்படியானால் மூன்றாவது முகவரி இடத்தில் என்ன எழுதுவது? இடத்தை அகற்றினால் ஃபிரேமின் அமைப்பே மாறி, கோடிக்கணக்கில் தயாராகும் வைஃபை மின்சில்லுகளை உபயோகிக்க முடியாமற் போகும். எனவே இடத்தை அப்படியே வைத்து, 48 பிட்டுகளிலும் ஒன்று என்னும் இலக்கத்தை நிரப்பினார்கள். இவ்வாறு எல்லாம் ஒன்றாக அமைந்த அடையாளம் 'எக்குழுவும்' என்று பொருள்படும். ஓ.சி.பி. முறையில் உள்ள கருவி, பொது முகவரியோடு வரும் ஃபிரேமில் இவ்வடையாளம் இருப்பின் ஏற்றுக்கொள்ளும்.

தபாலுக்கும் தண்டோராவுக்கும் உள்ள வேற்றுமையே இது. தபால்காரர் பெயரைக் கேட்டுக் கடிதத்தைக் கொடுக்கிறார். தண்டோரா போடுபவர் யார் பெயரையும் கேட்பதில்லை; அத்தெருவில் அந்நேரம் இருப்பவர் எவரோ அவரே கேட்போர். மூலையில் எதிர்ப்படும் வண்டிக்கு மற்ற வண்டியின் பெயரால் ஆவதொன்றுமில்லை. அது எங்கே இருக்கிறது, எத்திசையில், என்ன வேகத்தில் வருகிறது என்பவையே தேவை. அமெரிக்க மோட்டார் எஞ்சினியர் சங்கம் வகுத்த அடிப்படைப் பாதுகாப்புச் செய்தியில் இவையே அடங்கியுள்ளன. சாதாரணமாக விநாடிக்குப் பத்து முறை அது ஒலிபரப்பப்படுகிறது.

கதவைத் திறந்தபின்

கதவைத் திறந்துவிட்டால் வேண்டாதவரும் நுழைவர். வடிகட்டல் ஒழிந்துபோகவில்லை, வாசலிலிருந்து உள்வீட்டுக்கு இடம் பெயர்ந்தது. இதைச் சரியாக உணராமல் 'இம்முறையில் வடிகட்டலே இல்லை' என்று கூறுவோர் உண்டு. அது பிழை.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். கையெழுத்தோடு கூடிய ஒரு செய்தி 300 பைட் என்று கொள்வோம். அதாவது 2,400 பிட். விநாடிக்கு 60 லட்சம் பிட் வேகத்தில் அதை அனுப்ப 400 மைக்ரோ விநாடி ஆகும். முன்னறிவிப்புக் குறிகளுக்கு மேலும் 40. விநாடிக்குப் பத்து செய்தி வீதம் ஒரு வண்டி 4.4 மில்லி விநாடி அலைவரிசையைக் கைக்கொள்கிறது. கேட்கும் தூரத்துக்குள் நூறு வண்டிகள் இருப்பின், ஒவ்வொரு விநாடியிலும் 440 மில்லி விநாடி, அதாவது 44 சதவீதம், இதற்கே செலவாகும். பெங்களூரு மாலை நேரப் போக்குவரத்தைக் கண்டவர்கள் நூறு என்பதைப் பெரிய எண்ணாகக் கருதமாட்டார்கள். பொதுவாக ஒலிபரப்பப்படும் ஃபிரேமுக்குப் 'பெற்றேன்' என்ற பதிலும் கிடையாது. ஆகையால் இரண்டு ஃபிரேம்கள் மோதிக் கெட்டுப்போனாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. அடுத்த பத்திலொரு விநாடியில் வரும் புதிய செய்தியே பரிகாரம். நெரிசல் மிகும்போது அனுப்பும் வீதத்தைக் குறைக்க வேண்டும் என்று தனி விதிகள் எழுந்தமைக்குக் காரணம் இதுவே.

கேட்கும் பக்கத்தில் நிலைமை இன்னும் கடினம். விநாடிக்கு ஆயிரம் செய்திகள் வந்து விழுகின்றன. குழுவில் சேரும்போது ஒப்புவித்தல் இல்லாமையால், ஒவ்வொரு செய்தியும் தன் நம்பகத்தைத் தானே சுமந்து வர வேண்டும். ஐ.இ.இ.இ. 1609.2 என்னும் விதி, ஒவ்வொரு செய்தியிலும் மின்னணுக் கையெழுத்து இடப்படுவதற்கு வகை செய்கிறது. அக்கையெழுத்தைச் சரிபார்ப்பது கருவி செய்யும் வேலைகளிலேயே கடினமானது. எனவே அவ்வேலைக்கு முன் மலிவான சல்லடைகள் பல வைக்கப்படுகின்றன. முதற் சல்லடை, ஃபிரேமுக்குள் இருப்பது எவ்வகைச் செய்தி என்று காட்டும் இனஎண். போக்குவரத்துச் செய்திக்கு அமெரிக்க முறையில் 35036, ஐரோப்பிய முறையில் 35143, இணையச் செய்திக்கு 34525 என்பவை அவ்வெண்கள். அதற்கு உள்ளே சேவை எண் என்று ஒன்று உண்டு. வண்டிக்கு வண்டி அனுப்பும் பாதுகாப்புச் செய்திக்கு அது 32. தனக்கு வேண்டாத சேவையாயின் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

ஐரோப்பிய விதிகள் இன்னும் ஒரு படி சென்றன. அங்கே இடமே முகவரியாகிறது. வட்டம், நீள்சதுரம், நீள்வட்டம் என்னும் வடிவங்களில் ஒன்றைப் பூமியின் மேல் வரைந்து, 'இதற்குள் இருப்போர்க்கு' என்று செய்தியை அனுப்பலாம். பெறும் கருவி, செயற்கைக்கோளின் உதவியால் தன் இருப்பிடத்தை அறிந்து, வடிவத்துக்குள் தான் இருந்தால் செய்தியை ஓட்டுநருக்குக் கொடுக்கும். வெளியே இருந்தால், தேவைக்கேற்ப அடுத்தவருக்குக் கடத்தும் அல்லது விட்டுவிடும். பூங்காவைச் சுற்றி 150 மீட்டர் வட்டத்துக்கு விடப்பட்ட எச்சரிக்கை, ரயில் பாதைக்கு அப்பால் செல்லும் வண்டியின் ஏரியலில் பட்டாலும் அதன் ஓட்டுநரைத் தொந்தரவு செய்யாது. முகவரி என்னும் சொல்லின் பழைய பொருளுக்கே, அதாவது இடத்துக்கே, இம்முறை திரும்பி வந்துள்ளது என்று சொல்லத் தோன்றுகிறது.

அனுப்புநர் யார்?

இதுவரை பெறுநர் முகவரியைப் பற்றியே பேசினோம். அனுப்புநர் முகவரியில்தான் பொதுமக்களுக்கு நேரடியான கவலை உள்ளது. கம்பெனி இட்ட நிலையான எண்ணோடு ஒரு வண்டி விநாடிக்குப் பத்து முறை தன் இருப்பிடத்தை ஒலிபரப்புமானால், தெருக்கோடியில் ஒரு கேட்கும் கருவியை வைத்திருப்பவர் எவரும் அவ்வண்டி எந்த வாயிலிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டது, இரவு எப்போது திரும்பியது, எந்நாள் திரும்பவில்லை என்று குறித்துவைக்கலாம். திருடனுக்கும் இது பயன்படும். சுங்கச் சாவடியில் உபயோகமாகும் ஃபாஸ்டேக் வில்லைக்கு நிலையான எண் அவசியம். ஏனெனில் அங்கே 'யார்' என்பதே கேள்வி, பணம் யாருடைய கணக்கிலிருந்து எடுப்பது என்பதே காரியம். அது சாவடியின் கருவி கேட்டால் மட்டும் சில மீட்டர் தூரத்துக்குப் பதில் சொல்வது. பாதுகாப்புச் செய்தியோ கேளாமலே சில நூறு மீட்டருக்குக் கேட்கும்படி சொல்லப்படுவது.

எனவே வண்டியின் ரேடியோ தன் முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என விதித்தார்கள். முன்னே குறிப்பிட்ட 'தானாக வைத்துக்கொண்ட எண்' என்னும் பிட் இதற்கு உதவுகிறது. ஆனால் முகவரியை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் 12 பிட் வரிசை எண் உண்டு. ஒரே ஃபிரேம் இருமுறை வந்தால் இரண்டாவதை ஒதுக்குவதற்காக அது வைக்கப்பட்டது. பழைய முகவரியில் 1,207 வரை எண்ணிய வண்டி, புதிய முகவரியில் 1,208 என்று தொடருமானால், வேஷம் கலைந்துவிடுகிறது. கையெழுத்துச் சான்றிதழ் மாறாவிடினும் அவ்வாறே. செய்திக்குள் உள்ள தற்காலிக அடையாளம் மாறாவிடினும் அவ்வாறே. எல்லாம் ஒரே கணத்தில் மாற வேண்டும். இணையச் செய்தியை இம்முறையில் அனுப்புவது பற்றி 2019 டிசம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 8691 என்னும் ஆவணமும், ரேடியோ முகவரியிலிருந்து இணைய முகவரியை ஆக்கினால் விளையும் இதே ஆபத்தை எச்சரிக்கிறது.

மாற்றத்துக்கும் விலை உண்டு. முகவரி மாறிய அந்தக் கணத்தில், பழைய முகவரிக்கு வந்துகொண்டிருக்கும் பதில்களை வண்டியின் சொந்த வடிகட்டியே 'எனக்கன்று' என எறிந்துவிடும். சுற்றியுள்ள வண்டிகளுக்கோ, ஒரு வண்டி மறைந்து மற்றொன்று திடீரெனத் தோன்றியதாகப் படும். மோதல் நெருங்கும் வேளையில் இது நேர்ந்தால் ஆபத்து. அமெரிக்க விதியில் மாற்றத்துக்குச் சுமார் 5 நிமிட இடைவெளி குறிக்கப்பட்டு, ஆபத்தான நிலையில் மாற்றத்தை ஒத்திப்போடவும் இடம் வைத்திருப்பது இதனாலேயாகும்.

இதற்கிடையே டெலிபோன் துறையினர் தங்கள் செல்லுலார் விதிகளிலேயே வண்டிக்கு வண்டி பேசும் முறை ஒன்றை வகுத்தனர். அமெரிக்கக் கமிஷன் 2020 நவம்பரில் பழைய ஒதுக்கீட்டில் 45 மெகாஹெர்ட்ஸைப் பொது உபயோகத்துக்குத் திருப்பி, மிஞ்சிய 30-ஐச் செல்லுலார் முறைக்கே அளித்தது. இம்முறையில் முகவரி 48 அல்ல, 24 பிட். இதன் புதிய வடிவில் பெறுநர் முகவரியின் 16 பிட்டுகள் முன்னே செல்லும் கட்டுப்பாட்டுப் பகுதியிலும், மற்ற 8 பிட்டுகள் செய்தியோடும் வருகின்றன. முதல் 16 பொருந்தாவிடில் செய்தியைப் பிரித்துப் பார்க்கும் சிரமமே வேண்டியதில்லை. சிக்கனமான ஏற்பாடுதான்.

எந்த முறையாயினும், பேசாதவன் கேட்கப்படான். ஆட்டோ ரிக்‌ஷா, மிதிவண்டி, தள்ளுவண்டி, தெருவைக் கடக்கும் குழந்தை ஆகியோரிடம் ரேடியோ இல்லை. நம் நாட்டுத் தெருக்களுக்கு இம்முறையைப் பரிந்துரைப்போர் இதை முதற்கண் எண்ண வேண்டும் என்பது இதை எழுதுபவரின் அபிப்பிராயம். ஒலிக்காத எச்சரிக்கையைப் 'பாதை தெளிவு' என்று ஓட்டுநர் பொருள்கொள்வாரேயானால், கருவி இல்லாதிருந்ததைவிட நிலைமை கெடும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை யந்திரம் எதுவுமின்றி நடத்தலாம். மாணவர்களை வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர் இடுக. சீட்டில் பெறுநர், அனுப்புநர், வரிசைப் பெயர், செய்தி என நான்கு இடம் வைத்து எழுதி அனைவர்க்கும் சுற்றுக்கு விடுக. வேற்று வரிசைச் சீட்டைப் படிக்காமல் ஒதுக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் வரிசைப் பெயருக்குப் பதில் '1111' என்று எழுதி, தரையில் சாக்குக்கட்டியால் வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் நிற்போர் மட்டும் செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்க. மூன்றாவதாக, சிலர் தம் பெயரை மாற்றிக்கொண்டு, சீட்டின் வரிசை எண்ணை மட்டும் மாற்றாமல் எழுதட்டும். வெளியே நிறுத்திய ஒரு மாணவன் அவர்களைக் கண்டுபிடித்துவிடுவான்.

களப்பணியாளர்க்கு ஒரு குறிப்பு. சாதாரண வைஃபை கருவியைக் கொண்டு இவ்வொலிபரப்பைக் கேட்க முயன்று, 'ஒன்றும் வரவில்லை, மதில் மறைக்கிறது' என்று எழுதிவிடுதல் எளிது. கேளாமைக்கு மதிலன்றி வேறு மூன்று காரணங்கள் இருக்கலாம்: கருவி அந்த அலைவரிசைக்கு வாராதது, அகலம் 10 மெகாஹெர்ட்ஸாக வைக்கப்படாதது, குழு அடையாளம் தன்னுடையதன்று எனக் கருவியே ஃபிரேமை எறிந்தது. ஆகவே குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் இடுக. சோதனை எண் தவறியதால் இழந்த ஃபிரேம்கள் ஒன்றில். சோதனை எண் சரியாயிருந்தும் முகவரி பொருந்தாமையால் ஒதுக்கப்பட்டவை மற்றொன்றில். மூலையிலிருந்து 50, 40, 30, 20 மீட்டர் என்னும் தூரங்களில் இரண்டையும் தனித்தனியே எண்ணுக. மூலையை நெருங்க நெருங்க முதற்பத்தி குறைந்தால் குறை சுவரினுடையது. இரண்டாம் பத்தி எங்கும் நிறைந்திருந்தால் குறை கருவியை அமைத்த விதத்தினுடையது.